படம் சொல்வது எப்படி, படத்துக்காகச் சண்டை போடுவது எப்படி

நண்பர் ஒருவர் "நல்லதா, யோசிக்க வைக்கிற மாதிரி ஒரு படம் சொல்லுங்க" என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' என்றேன். 1979இல் வந்த படம், 160 நிமிடத்துக்கு மேல் ஓடும், மூன்று பேர் ஒரு தடை செய்யப்பட்ட பகுதிக்குள் நடந்து போகிறார்கள், நடந்து போகிறார்கள் என்றால் நிஜமாகவே நடந்துகொண்டே இருப்பார்கள். அவர் வாரம் முழுக்க வேலை பார்த்துக் களைத்துப் போய் வந்த ராத்திரியில் அதைப் போட்டிருக்கிறார். மறுநாள் காலையில் செய்தி வந்தது: "என் மேல என்ன கோபம் உங்களுக்கு?"

படம் மோசம் இல்லை, அவரும் ரசனை கெட்டவர் இல்லை. தப்பு என்னுடையது. அவர் கேட்டது அவருக்கு ஒரு படம், நான் சொன்னது எனக்குப் பிடித்த படம். அப்புறம் இன்னொன்றும் செய்தேன், அது இன்னும் மோசம்: "உங்களுக்குப் புரியல" என்று பதில் போட்டேன். அதோடு அவர் ஆறு மாதம் என்னிடம் படமே கேட்கவில்லை.

இதையெல்லாம் செய்து கெட்டுப்போன பிறகு எழுதுகிறேன். புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்கு, அதாவது நாலு பேருக்குப் படம் சொல்லவும், பார்த்த படத்தைப் பற்றி மூச்சு முட்டப் பேசவும் ஆசைப்படுபவர்களுக்கு.

முதலில் கேளுங்கள்

"என்ன மாதிரி படம் பிடிக்கும்?" என்று கேட்டால் பதில் உபயோகமாக வராது. "எல்லாமே பார்ப்பேன்" என்பார்கள். பொய் இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நான் இப்போது மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். கடைசியாக எந்தப் படம் பார்த்துவிட்டு இரண்டு நாளாவது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது? எந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தினீர்கள், எந்த இடத்தில்? இன்றைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, தனியாகப் பார்க்கப் போகிறீர்களா யாரோடாவதா?

இதில் இரண்டாவது கேள்விதான் தங்கம். பிடித்த படத்தைச் சொல்லும்போது ஆட்கள் கொஞ்சம் நல்ல சட்டை போட்டுக்கொள்கிறார்கள், நிறுத்திய படத்தைச் சொல்லும்போது அப்படி இல்லை. "அந்தக் குழந்தையை அடிக்கிற சீன்ல அணைச்சுட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு எதைச் சொல்லக்கூடாது என்று உடனே தெரிந்துவிடும். "அரை மணி நேரம் யாருமே பேசல, அதான்" என்றால் அதுவும் ஒரு தகவல்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள்

பத்துப் படம் கொண்ட பட்டியல் கொடுத்தால் வாங்கியவர் நன்றி சொல்வார், பத்திரமாகச் சேமித்து வைப்பார், ஒன்றையும் பார்க்கமாட்டார். என்னிடமே அப்படி நாலைந்து பட்டியல் கிடக்கிறது.

"உலகின் தலைசிறந்த படங்கள்" வகைப் பட்டியல்களை மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம், வேதமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் இதழ் 1952 தொடங்கி பத்து வருடத்துக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. முதல் முறை முதலிடம் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', அப்போது அது வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அதன் பிறகு 1962 முதல் 2002 வரை ஐந்து தடவை தொடர்ந்து 'சிட்டிசன் கேன்'. 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் ஷான்தால் ஆக்கர்மேன் 1975இல் எடுத்த 'ழான் டீல்மன்'. ஒரு பெண் இயக்கிய படம் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இந்த எழுபது வருடத்தில் அந்தப் படங்களில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. வாக்களித்த ஆட்கள் மாறினார்கள், அவர்கள் எதைத் தேடினார்கள் என்பது மாறியது. அதனால் யாராவது "அது நம்பர் ஒன் படமாச்சே" என்று வாதத்தை முடிக்கப் பார்த்தால் "எந்த வருஷம்?" என்று கேளுங்கள்.

எப்படிச் சொல்வது

மாஸ்டர்பீஸ், வேற லெவல், கட்டாயம் பார்க்கணும், வாழ்க்கையையே மாத்திடும். இந்த நாலையும் விட்டுவிடுங்கள். இவற்றால் படத்தைப் பற்றி எதுவும் தெரியவராது, உங்கள் உற்சாகம் மட்டும் தெரியும். தவிர, "வாழ்க்கையை மாத்திடும்" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தவர் இருபதாவது நிமிடத்தில் "இன்னும் மாறலையே" என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அதற்குப் பதில் ஒரு காட்சியைச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் வருகிற காட்சியாக இருக்கட்டும், ஸ்பாய்லர் தொல்லை, அதாவது கதையை முன்னாடியே போட்டு உடைக்கிற தொல்லை, இருக்காது. உதாரணத்துக்கு அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்', 2011இல் வந்த ஈரானியப் படம். நான் சொல்வது இப்படி: "முதல் காட்சியில் ஒரு கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து விவாகரத்து வழக்கைப் பேசுவார்கள். அவள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்கிறாள், அவன் மறதி நோய் வந்த அப்பாவை விட்டு வரமுடியாது என்கிறான். நீதிபதியின் குரல் மட்டும்தான் கேட்கும், ஆளைக் காட்டமாட்டார்கள். இரண்டு பேரும் நேரே கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள். அதாவது, நீதிபதி நாற்காலியில் உங்களைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்." இவ்வளவுதான். இதைக் கேட்டு ஆர்வம் வராதவருக்கு அந்தப் படம் இன்றைக்கு வேண்டாம், அவரும் தப்பித்தார், நீங்களும் தப்பித்தீர்கள்.

காட்சிக்கு அடுத்து ஓர் எச்சரிக்கை. இதை நான் பல வருடம் செய்யாமல் இருந்தேன், கௌரவக் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு முறை 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தை ஒருவருக்குச் சொன்னேன். போர்க்காலத்தில் அண்ணனும் குட்டித் தங்கையும் தனியாகப் பிழைக்கப் பார்க்கும் ஜப்பானிய அனிமேஷன். அண்ணன் இறந்துவிட்டான் என்பதைப் படமே ஆரம்பத்தில் சொல்லிவிடும், அவ்வளவு நேர்மையான படம். நான்தான் நேர்மையாக இல்லை. "கார்ட்டூன்தான், பாருங்க" என்று சொல்லியிருந்தேன். அவர் வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தது, எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்: "குழந்தைகள் கஷ்டப்படுகிற படம், மனசு லேசா இருக்கும்போது பாருங்க." இதே படம் 1988 ஏப்ரலில் ஜப்பானில் வெளியானபோது அதே ஸ்டூடியோவின் 'மை நெய்பர் டோட்டோரோ'வோடு ஜோடியாக, ஒரே காட்சியில் இரண்டு படமாகப் போட்டார்கள். அதில் எனக்கு ஒரு யோசனை கிடைத்தது. கனமான படம் ஒன்றைச் சொன்னால், அதற்கு அடுத்து பார்க்க லேசான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். "பார்க்கும்போது உங்கள் அனுதாபம் எந்த இடத்தில் ஆள் மாறுகிறது என்று மட்டும் கவனியுங்கள்." 'எ செபரேஷ'னுக்கு இதுதான் என் கேள்வி. பார்த்துவிட்டு வருபவர் "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவ முடியாது, ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

சப்டைட்டிலா டப்பிங்கா என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. அவர் எதில் பார்த்தால் முடிவு வரை பார்ப்பாரோ அதில் பார்க்கட்டும்.

பார்த்து முடித்த கையோடு

கேட்கவேண்டாம். படம் முடிந்து எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே "எப்படி? எப்படி?" என்று பிடித்து உலுக்குகிற ஆள் நான், அதனால் சொல்கிறேன். அந்த நேரத்தில் வருவது பெரும்பாலும் கருத்து இல்லை, மூச்சு. ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் எது நினைவில் நிற்கிறதோ அதிலிருந்து தொடங்கினால் பேச்சு நன்றாக வரும்.

தொடங்குவதற்கு முன்னால் அற்பமாகத் தெரிகிற ஒன்றைச் சரிபாருங்கள்: இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பார்த்தீர்களா? சிரிக்காதீர்கள். 'பிளேட் ரன்னர்' பற்றி நானும் ஒருவரும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். கதாநாயகன் தெக்கார்ட் மனிதனா, அவன் வேட்டையாடும் செயற்கை மனிதர்களில் ஒருவனா என்பதுதான் சண்டை. நான் "அந்த ஒற்றைக்கொம்புக் குதிரை கனவு வருதே, அப்புறமென்ன?" என்கிறேன், அவர் "எந்தக் குதிரை?" என்கிறார். அவர் பார்த்தது 1982இல் தியேட்டருக்கு வந்த பதிப்பு. அதில் நாயகனின் பின்னணிக் குரல் உண்டு, சுபமான முடிவு உண்டு, குதிரைக் கனவு கிடையாது. 1992இல் வந்த இயக்குநர் பதிப்பில் குரலையும் சுபத்தையும் எடுத்துவிட்டுக் கனவைச் சேர்த்தார்கள். 2007இல் இன்னொரு இறுதிப் பதிப்பும் வந்தது. நாங்கள் ஒரே பெயரில் இருக்கும் இரண்டு படத்தைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம்.

எந்தச் சண்டை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான விவாதங்கள் கெட்டுப்போவது கருத்து வேறுபாட்டால் இல்லை. ஒருவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறார், மற்றவர் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார். என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி. அதற்கு என்ன அர்த்தம் என்பது வேறு. படம் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்பது மூன்றாவது. படம் சொல்வது சரியா என்பது நாலாவது. மேக்கிங் பிரமாதம் என்று ஒருவர் சொல்லும்போது "ஆனா அது சொல்ற விஷயம் அசிங்கம்" என்று இன்னொருவர் மறுத்தால் அது மறுப்பே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

'இன்செப்ஷன்' (2010) முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் பார்த்தது. நாயகன் மேஜையில் பம்பரத்தைச் சுழற்றிவிடுகிறான். விழுந்தால் நிஜம், விழாவிட்டால் கனவு. பம்பரம் லேசாகத் தள்ளாடுகிறது, திரை இருட்டாகிவிடுகிறது. விழுந்ததா இல்லையா என்று பல வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். அது முதல் வகைக் கேள்வி, அதற்குப் பதில் திரையில் இல்லை, வெட்டிவிட்டார்கள், எவ்வளவு கத்தினாலும் வராது. ஆனால் அதே காட்சியில் திரையில் இருக்கிற ஒன்றைப் பாருங்கள்: சுழற்றிவிட்ட ஆளே அதைப் பார்க்காமல் பிள்ளைகளிடம் போய்விடுகிறான். படம் முழுக்க அதைச் சோதித்துக்கொண்டே இருந்தவன் இப்போது ஏன் பார்க்கவில்லை? நிம்மதியா, சலிப்பா, தன்னையே ஏமாற்றிக்கொள்கிறானா? அதோடு இன்னொன்று, அந்தப் பம்பரம் முதலில் அவன் மனைவியுடையது, அதையும் படமே சொல்கிறது. அவளுடைய அளவுகோல் இவனுக்குச் சரியாக வேலை செய்யுமா? இப்போது பேசலாம். ராத்திரி முழுக்கப் பேசலாம்.

காட்சிக்குத் திரும்புங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். விவாதம் சூடேறி, குரல் உயர்ந்து, "பொதுவாவே இந்த மாதிரி படங்கள் எல்லாம்..." என்று யாராவது ஆரம்பிக்கும்போது நிறுத்தி, "எந்தக் காட்சி?" என்று கேளுங்கள். முடிந்தால் அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். பாதி நேரம் இரண்டு பேருமே தப்பாக நினைவு வைத்திருப்போம்.

மறுபடி போடும்போது வசனத்தை மட்டும் கேட்காதீர்கள். கேமரா யார் பக்கம் நிற்கிறது, யார் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, ஒரு ஷாட்டுக்கு அடுத்து எந்த ஷாட் வருகிறது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு பழைய சோதனை உண்டு. எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு நடிகரின் முகம், அதற்கு அடுத்து ஒரு கிண்ணம் சூப். அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. பார்த்தவர்கள் முதலில் பசியைக் கண்டார்கள், அடுத்ததில் துக்கத்தைக் கண்டார்கள். முகம் ஒன்றுதான். "அவன் முகத்துல குற்ற உணர்ச்சி தெரியுதே" என்று நீங்கள் அடித்துச் சொல்லும்போது, அது முகத்தில் இருந்ததா, அடுத்த ஷாட்டிலிருந்து வந்ததா என்று ஒரு முறை பாருங்கள். நான் பல தடவை அசடு வழிந்திருக்கிறேன்.

இன்னொரு உதாரணம், சிட்னி லூமெட்டின் '12 ஆங்க்ரி மென்' (1957). பன்னிரண்டு ஜூரிகள், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்த சாதாரண ஆட்கள், ஓர் அறை, ஒரு பையனுக்கு மரண தண்டனையா இல்லையா. "வெறும் நாடகம், பேசிக்கிட்டே இருக்காங்க, இதுல சினிமா எங்கே?" என்று ஒருவர் சொன்னார். நியாயமான புகார். ஆனால் லூமெட் கேமராவை ஆரம்பத்தில் கண் மட்டத்துக்கு மேலே வைத்திருக்கிறார், நடுவில் கண் மட்டத்துக்கு இறக்குகிறார், கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே. கூடவே லென்ஸின் குவிய நீளத்தையும் கூட்டிக்கொண்டே போகிறார், பின்னால் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற லென்ஸ். முதலில் விசாலமாகத் தெரிகிற அறை போகப் போகச் சுருங்குகிறது, பின்சுவர் முதுகில் வந்து ஒட்டுகிறது, கடைசியில் மேல்தளம்கூட தலைக்கு மேல் தெரிய ஆரம்பிக்கிறது. பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரிவதில்லை, புழுக்கம் மட்டும் தெரியும். இதைச் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார் என்றா நினைக்கிறீர்கள்? "சரி, நல்லா எடுத்த நாடகம்" என்றார். அதுவும் நியாயம்தான்.

இயக்குநரே சொல்லிட்டாரே!

இந்தத் துருப்புச் சீட்டு எல்லா விவாதத்திலும் வரும். பேட்டியைத் தேடி எடுத்து வந்து மேஜையில் போடுவார்கள். 'பிளேட் ரன்னர்' விஷயத்தில் ரிட்லி ஸ்காட் தெக்கார்ட் செயற்கை மனிதன்தான் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வேடத்தில் நடித்த ஹாரிசன் ஃபோர்டு, படம் எடுக்கும்போது அவன் மனிதன் என்ற நிலையில் நின்றவர். ஒரே படப்பிடிப்பில் இருந்த இருவருக்கே ஒத்துவரவில்லை. இயக்குநர் பேட்டி ஒரு சாட்சியம், தூக்கி எறிய வேண்டாம். தீர்ப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காட்டுவதும் கொண்டாடுவதும்

உண்மையிலேயே சூடாகிற இடம் இதுதான். ஒரு படம் வன்முறையையோ ஏமாற்றையோ காட்டுகிறது என்பதற்காக அதை ஆதரிக்கிறது என்று ஆகாது. "காட்டத்தானே செஞ்சாங்க" என்று சொல்லித் தப்பித்துவிடவும் முடியாது. நான் பார்ப்பது மூன்று விஷயம்: அடிபட்டவர்களுக்குப் படத்தில் முகமும் பேச்சும் இருக்கிறதா, தப்பு நடக்கும்போது பின்னணி இசை நம்மை என்ன செய்யச் சொல்கிறது, கடைசி ஷாட் யார் மேல் முடிகிறது.

'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' (2013) மூன்று மணி நேரம் ஒரு மோசடிக்காரனின் கும்மாளத்தைக் காட்டுகிறது. பணத்தை இழந்தவர்களை ஏறக்குறைய காட்டுவதே இல்லை. இதை வைத்துப் படத்தைத் திட்டுபவர்களிடம் ஒரு வலுவான புள்ளி இருக்கிறது. ஆனால் படம் அவன் மேல் முடியவில்லை. சிறைக்குப் போய் வந்தவன் விற்பனைப் பயிற்சி நடத்துகிறான், கடைசி ஷாட் அவனை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும் வரிசை வரிசையான முகங்கள். நம்மைப்போலவே உட்கார்ந்து பார்க்கிறவர்கள். என் கட்சி, படம் அங்கே நம்மைப் பிடித்துவிடுகிறது என்பது. மூன்று மணி நேரம் குஷிப்படுத்திவிட்டு ஒரு ஷாட்டில் பாவமன்னிப்பு கேட்டால் போதுமா என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் காட்சியைக் காட்டித்தான் பேசுகிறது, அதனால் இந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் வாதாடுவதில்லை. "இது என் வாழ்க்கையில நடந்தது, இவங்க காட்டினது அப்படி இல்ல" என்று ஒருவர் சொன்னால் லென்ஸ் கணக்கை எடுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

போரடித்தது என்று சொல்பவரையும் விரட்டாதீர்கள். 'ழான் டீல்மன்' மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஒரு பெண் மூன்று நாள் வீட்டு வேலை செய்கிறாள், உருளைக்கிழங்கு தோல் சீவுவதை முழுசாகக் காட்டுவார்கள். போரடிக்கத்தான் செய்யும். எந்த நிமிடத்தில் போரடிக்க ஆரம்பித்தது, அதற்கப்புறம் அவள் கையில் ஏதாவது ஒரு சின்ன வேலை பிசகியபோது பளிச்சென்று கவனித்தீர்களா என்று கேளுங்கள். கவனித்தேன் என்றால் போரடித்ததும் வேலை செய்திருக்கிறது. இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எங்கே தொடங்குவது

'12 ஆங்க்ரி மென்'. 96 நிமிடம்தான். அதற்கு அடுத்து 'எ செபரேஷன்', அப்புறம் குரோசாவாவின் 'ரஷோமான்' (1950). ரஷோமானில் ஒரே குற்றத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், சாட்சிகள் எல்லோரும் கேமராவைப் பார்த்துத்தான் பேசுவார்கள், அங்கேயும் நீதிபதியைக் காட்டமாட்டார்கள். மறுபடி நாற்காலி நமக்குத்தான். மூன்றையும் இந்த வரிசையில் ஒருவரோடு சேர்ந்து பாருங்கள், மாதத்துக்கு ஒன்று போதும்.

முதல் சண்டைக்கான கேள்வியையும் நானே தருகிறேன். '12 ஆங்க்ரி மென்' படத்தில் பையனுக்காக முதலில் தனியாக நிற்கும் எட்டாம் எண் ஜூரி, எல்லோரும் அபூர்வமான கத்தி என்று நம்பிய கொலைக் கத்தியைப் போலவே இன்னொன்றைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேஜையில் குத்தி நிறுத்துகிறான். அந்தப் பையன் குடியிருக்கும் பகுதியில் நடந்துபோய் ஒரு கடையில் வாங்கி வந்தேன் என்கிறான். கைதட்டத் தோன்றும். ஆனால் ஜூரியாக இருப்பவர் நீதிமன்றத்துக்கு வெளியே தானே போய் ஆதாரம் தேடலாமா? கூடாது, அது விதிமீறல். இதே வேலையை எதிர்த்தரப்பு ஜூரி ஒருவன் செய்து பையனுக்கு எதிராக ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் நாம் கைதட்டியிருப்போமா?

'ஸ்டாக்கர்' நண்பரிடம் போன மாதம் இதைத்தான் கேட்டேன். அவர் சரி என்கிறார், ஓர் உயிர் போகிற இடத்தில் என்ன விதி என்கிறார். நான் தப்பு என்கிறேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன் செய்து, "அந்தக் கத்தியை மேஜையில குத்தினதும் மத்தவங்க முகத்தைப் பார்த்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. இன்றைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.